விழித்திரையின் வாயிற்காவலன்

"நீ எதைப்பற்றி ஆராய்ச்சி செய்கிறாய்?" என்று விடுதி உணவுக்கூடத்தில் நண்பர்கள் என்னைக் கேட்பதுண்டு. "கண்ணுக்குள் இருக்கும் உரோமத்தைப்பற்றி" என்பேன். "இமை உரோமத்தில் ஆராய என்னப்பா இருக்கிறது?" என்று நகைப்பார்கள். அந்த நகைப்பிலும் ஒரு பொருத்தம் உண்டு. நான் கூறும் உறுப்பிற்கு மேனாட்டு விஞ்ஞானிகள் இட்ட பெயர் சிலியம். இலத்தீன் மொழியில் அச்சொல் இமையையும் இமை உரோமத்தையும் குறிப்பதாகும். தமிழில் அதனைக் குற்றிழை என்கிறோம். ஆயினும் நான் ஆராயும் குற்றிழை இமையில் இல்லை. விழியின் பின்புறத்துத் திரையில், ஒளியை உணரும் ஒவ்வோர் உயிரணுவிலும் ஒன்றாக அது அமைந்திருக்கிறது. அதன் கழுத்தில் காவல் நிற்கும் புரதம் ஒன்று பழுதுபட்டால் குழந்தை பார்வையின்றிப் பிறக்கிறது. அந்தப் புரதத்தின் வரலாற்றை, பொருளியலும் சரித்திரமும் பயிலும் நண்பர்களுக்கும் விளங்கும்படி சொல்ல முயல்கிறேன்.

குற்றிழை என்பது உயிரணுவின் மேற்பரப்பிலிருந்து நீண்டு நிற்கும் நுண்ணிய இழை. நம் மூச்சுக்குழாயின் உட்புறத்தில் இவை, கதிர் முற்றிய வயல் காற்றில் சாய்ந்து நிமிர்வதுபோல் அலையலையாய் அசைந்து, தூசியையும் சளியையும் மேலே தள்ளுகின்றன. இது அசையும் வகை. அசையாத வகை ஒன்றும் உண்டு. உடலின் பெரும்பாலான உயிரணுக்களில் அது தனித்து ஒன்றாக, அசைவற்று நிற்கும். அதனால் என்ன பயன் என்பது நெடுங்காலம் விளங்கவில்லை. பயனற்றுப்போன எச்சம் என்று ஒதுக்கியவர்களே மிகுதி. சிறுநீரகம், மூளை, எலும்பு, கண் ஆகியவற்றில் தோன்றும் பல பரம்பரை நோய்களுக்கு வேர் இந்த 'எச்ச'த்தில்தான் இருக்கிறது என்பது அண்மைக் காலத்தில் தெளிந்த உண்மையாகும்.

இனி விழித்திரைக்கு வருவோம். ஒளியை உணரும் உயிரணுக்கள் இருவகைப்படும். மங்கிய ஒளியில் காண்பதற்கு உரியவை கோல் உயிரணுக்கள். பகலொளியில் நிறத்தையும் நுண்ணிய எழுத்தையும் காண்பதற்கு உரியவை கூம்பு உயிரணுக்கள். ஒரு கண்ணில் கோல்கள் ஏறத்தாழ 10 கோடி. கூம்புகள் ஐம்பது அறுபது இலட்சம். கோல் ஒன்றை எடுத்துப் பார்த்தால் அதில் இரண்டு அறைகள் இருப்பது தெரியும். உள்ளறையில் புரதங்கள் உண்டாகின்றன. வெளியறையில், அப்பளக் கட்டைப் போல, ஆயிரம் வரையிலான மெல்லிய தட்டுக்கள் ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒளியைப் பிடிக்கும் ரோடாப்சின் என்னும் புரதம் இத்தட்டுக்களில் பதிந்திருக்கிறது. இரண்டு அறைகளையும் இணைப்பது ஒரு குறுகிய கழுத்து. அதன் நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே. அகலம் அதனினும் குறைவு.

இந்தக் கழுத்தை எலக்ட்ரான் நுண்பெருக்கியில் கண்டு 1956இல் விரிவாக எழுதியவர் அர்ஜென்டீனா நாட்டு எடுவார்டோ டி ராபர்ட்டிஸ். குறுக்கே வெட்டிப் பார்த்தபோது ஒன்பது இரட்டைக் குழல்கள் வட்டமாய் நிற்பதை அவர் கண்டார். மூச்சுக்குழாயின் குற்றிழையிலும் இதே ஒன்பது இரட்டைகள் உண்டு. அதன் நடுவில் மேலும் இரண்டு குழல்கள் இருக்கும், இங்கே அந்த நடு இரண்டும் இல்லை. அவ்வளவுதான் வேறுபாடு. அப்படியானால், பார்வைக்கு உரிய அந்த வெளியறை முழுவதுமே உருமாறிப் பருத்த ஒரு குற்றிழை என்றுதானே ஆகிறது? ஆம். நாம் எதைப் பார்த்தாலும் குற்றிழையைக் கொண்டே பார்க்கிறோம்.

கழுத்து சிறிது, அதன் வழியே நடக்கும் போக்குவரத்தோ பெரிது. 1967இல் அமெரிக்க விஞ்ஞானி ரிச்சர்ட் யங், கதிரியக்கக் குறியிட்ட அமினோ அமிலத்தை எலி, தவளை முதலிய உயிர்களுக்கு ஊசிவழிச் செலுத்தி, அது கண்ணில் எங்கே போய்ச் சேர்கிறது என்று நாள்தோறும் கவனித்தார். முதலில் உள்ளறையில் தெரிந்த குறி, பின்னர் வெளியறையின் அடிப்பகுதிக்கு வந்து, ஒரு பட்டையாக நாளுக்கு நாள் நுனியை நோக்கி நகர்ந்தது. அடியில் புதிய தட்டுக்கள் பிறக்கின்றன; நுனியிலுள்ள பழைய தட்டுக்களைப் பின்னால் இருக்கும் வேறோர் உயிரணுப்படலம் விழுங்கிவிடுகிறது. எலியில் வெளியறை முழுவதும் ஏறத்தாழப் பத்து நாளில் புதியதாகிவிடுகிறது. தட்டுக்கள் ஆயிரம் என்று கொண்டால் நாளொன்றுக்கு நூறு தட்டு! அவற்றுக்கு வேண்டிய புரதமெல்லாம் அந்தக் கழுத்தின் வழியாகத்தான் போயாக வேண்டும். வேறு வழி இல்லை.

கோட்டைக்கும் ஊருக்கும் நடுவே ஒரே ஒரு வாயில் இருந்தால் அங்கே காவல் வேண்டும் அன்றோ? உள்ளே போகவேண்டியது போகவும், போகக்கூடாதது நிற்கவும் வேண்டும். அந்தக் காவல் கூட்டத்தைச் சேர்ந்ததுதான் செப்-290 என்னும் புரதம். 'செப்' என்பது சென்ட்ரோசோம் புரதம் என்பதன் ஆங்கிலச் சுருக்கம். 290 என்பது அதன் எடை, கிலோடால்டன் கணக்கில். 2479 அமினோ அமிலங்கள் கோத்த நீண்ட சங்கிலி அது. புரதங்களுக்குள் பெரிய உருவம் என்றே சொல்ல வேண்டும். குற்றிழையின் அடிக்கழுத்தில், ஒன்பது இரட்டைக் குழல்களுக்கும் அவற்றைச் சுற்றியுள்ள சவ்வுக்கும் இடையே அது நிற்கிறது. குளத்தில் வாழும் ஒருசெல் பச்சைப் பாசி ஒன்றில் 2010இல் நடந்த ஆய்வு இதன் வேலையை நன்கு காட்டிற்று. செப்-290 இல்லாத பாசியில் குழல்களையும் சவ்வையும் பிணைக்கும் கட்டுக்கள் குலைந்தன. இழைக்குள் இருக்கவேண்டிய புரதங்களின் அளவும் தாறுமாறாகியது. பாசிக்கும் நம் கண்ணுக்கும் பொதுவான காவலன் என்றால், எவ்வளவு தொன்மையான காவலன் என்பதை நண்பர்கள் எண்ணிக்கொள்க.

காவலன் இல்லாத கண் என்ன ஆகும்? 1869இல் தியோடர் லேபர் என்னும் ஜெர்மானியக் கண் மருத்துவர் ஒரு நோயைப்பற்றி எழுதினார். பிறந்த சில திங்களிலேயே, குழந்தை தாயின் முகத்தைப் பின்தொடர்ந்து பார்ப்பதில்லை என்பது தெரிகிறது. கண்மணிகள் ஓரிடத்தில் நில்லாமல் அலைகின்றன. குழந்தை தன் கைமுட்டியாலும் விரலாலும் கண்ணை அழுத்தித் தேய்த்துக்கொண்டே இருக்கும். மருத்துவர் உள்ளே பார்த்தால், தொடக்கத்தில் விழித்திரை பெரும்பாலும் செம்மையாகவே தோன்றும். ஒளிபட்டவுடன் எழவேண்டிய மின்னலைகளைக் கருவி கொண்டு பதிந்தாலோ கோடு மேலெழுவதே இல்லை. இலட்சம் பிறப்புக்கு இரண்டு மூன்று குழந்தைகளுக்கு இந்த நோய் வருகிறது. லேபரின் பிறவிப் பார்வையின்மை என்று இதற்குப் பெயர். ஒரே நோய்போல் தோன்றினாலும், இருபதுக்கு மேற்பட்ட மரபணுக்களில் எது பழுதானாலும் இது வரலாம் என்று இன்று தெரிந்திருக்கிறது.

அவற்றுள் செப்-290இன் பங்கு வெளிப்பட்டது 2006இல். கனடா நாட்டுக் கியூபெக் மாகாணத்தில், உறவுக்குள் மணம் செய்த ஒரு குடும்பத்தில் இந்நோய் இருந்தது. நெதர்லாந்தின் நைமேகன் நகரத்து அன்னெக்கே டென் ஹாலாண்டரும் அவருடன் உழைத்தோரும் அக்குடும்பத்தின் மரபணுக்களை ஆராய்ந்து, பழுது இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்தனர். அது இருந்த இடந்தான் வியப்பு. தமிழ் பயில்வோருக்கு இதனை எளிதில் விளக்கலாம்; சுவடிகளைப்பற்றிக் கேள்விப்பட்டவர்கள் அல்லவா நாம்!

டி.என்.ஏ. என்பது ஏ, டி, ஜி, சி என்ற நான்கே எழுத்துக்களால் எழுதிய ஏடு. செப்-290க்குரிய பகுதி 12ஆம் குரோமோசோமில் உள்ளது. அதில் பொருள் தரும் துண்டுகள் 54. ஆனால் அவை தொடர்ந்து எழுதப்படவில்லை. ஒவ்வொரு துண்டுக்கும் நடுவில், புரதத்துக்குப் பொருள் தராத எழுத்துக்கள் ஆயிரக்கணக்கில் கிடக்கலாம். உயிரணு முதலில் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் ஆர்.என்.ஏ. என்னும் படியாக எடுத்துவிடும். பிறகு பொருளற்ற பகுதிகளை வெட்டி எறிந்து, பொருளுள்ள துண்டுகளை ஒட்டிச் சேர்க்கும். எங்கே வெட்டுவது, எங்கே ஒட்டுவது என்பதற்குச் சில எழுத்துக்களே அடையாளக் குறிகள்.

கியூபெக் குடும்பத்தில் 54 துண்டுகளிலும் பிழை இல்லை. 26ஆம் துண்டு முடிந்து, பொருளற்ற பகுதிக்குள் 1655 எழுத்துக்கள் தள்ளி, ஏ இருக்க வேண்டிய ஓரிடத்தில் ஜி இருந்தது. எறியப்படும் பகுதியில் ஓர் எழுத்து மாறினால் என்ன கேடு? கேடு இதுதான்: அந்த மாற்றத்தால் அவ்விடம் ஒரு வெட்டுக்குறியைப் போல் ஆகிவிட்டது. படியெடுக்கும் உயிரணு ஏமாந்து, அதற்கு முன்னுள்ள 128 எழுத்துக்களைப் பொருளுள்ள துண்டென்று எண்ணி மூலத்தோடு சேர்த்து ஒட்டிவிடுகிறது. பழைய நூல்களில் ஏடு பெயர்த்தெழுதியோர் கையால் நுழைந்த செய்யுளை இடைச்செருகல் என்கிறோம். இதுவும் ஓர் இடைச்செருகலே. நூலில் இடைச்செருகல் நேர்ந்தால் புலவர்கள் பூசலிடுவதோடு போயிற்று. இங்கே அந்தச் செருகலின் தொடக்கத்திலேயே 'நிறுத்து' என்று பொருள்படும் மூன்றெழுத்துக் கட்டளை ஒன்று வந்துவிடுகிறது. 2479 அமினோ அமிலங்கள் கோக்கவேண்டிய உயிரணு 997ஓடு நின்றுவிடுகிறது. உறவில்லாத 76 நோயாளிகளை அக்குழுவினர் சோதித்தபோது 16 பேரிடம் இதே ஓரெழுத்து மாற்றம் காணப்பட்டது. அதுவரை பலர் தேடியும் இது அகப்படாததற்குக் காரணம், பொருளற்றது என்று கருதிய பகுதியை யாரும் படித்துப் பாராமையே.

இங்கே கூர்மையான நண்பர் ஒருவர் கேட்கலாம்: "எல்லா உறுப்பிலும் குற்றிழை உண்டு என்றாயே, கண் மட்டும் கெடுவானேன்?" நல்ல கேள்வி. இந்த இடைச்செருகல் எல்லாப் படிகளிலும் நேர்வதில்லை. சில படிகளை உயிரணு சரியாகவே வெட்டி ஒட்டிவிடுகிறது. ஆகவே முழுப் புரதமும் சிறிதளவு கிடைக்கிறது. சிறுநீரகத்துக்கும் மூளைக்கும் அந்தச் சிறிதளவு போதும். நாள்தோறும் தட்டுத் தட்டாக உற்பத்தி செய்யும் கண்ணுக்குப் போதவில்லை. இதுவே பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். இதற்குச் சான்றும் உண்டு. இதே மரபணு வேறு வகையில் இன்னும் கொடுமையாகச் சிதைந்தால், மூளையும் சிறுநீரகமும் சேர்ந்து கெடும் ஜூபர்ட் நோய் வருகிறது. அதனினும் கொடிய மெக்கல் நோயில் குழந்தை பிழைப்பதே இல்லை. ஒரே காவலன், இருக்கும் அளவைப் பொறுத்து வெவ்வேறு விளைவு.

பூனைப் பிரியர்களுக்கு ஒரு செய்தி. அபிசீனியப் பூனை என்னும் உயர்சாதிப் பூனைகளில் சில, சில ஆண்டுகளில் மெல்ல மெல்லப் பார்வை இழக்கின்றன. 2007இல் ஆராய்ந்து பார்த்தால் அங்கும் செப்-290; அங்கும் பொருளற்ற பகுதியில் ஓர் எழுத்து; அங்கும் ஒரு பொய் வெட்டுக்குறி! அழகுக்காக நெருங்கிய இனத்துக்குள்ளேயே பூனைகளை இணைத்து வளர்த்ததன் கூலி இது.

இந்நோய் தீர வழி உண்டா? என்னை இத்துறைக்கு இழுத்ததே இந்தக் கேள்வி. 2007இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்து ஆராய்ச்சியாளர்கள் செப்-290 பழுதுபட்டோரின் விழித்திரையை நுணுகிப் படமெடுத்தனர். கோல்கள் இளமையிலேயே அழிந்துபோயிருந்தன. ஆனால் நடுமையத்தில், நாம் எழுத்தைப் படிக்கப் பயன்படுத்தும் அந்தச் சிறு இடத்தில், கூம்புகள் உயிரோடு இருந்தன! வெளியறைதான் சிதைந்திருந்தது. பல ஆண்டுகள் பார்வை இல்லாதிருந்தோரிடத்தும் இவ்வாறே. விளக்கு அணைந்திருக்கிறது, எண்ணெயும் திரியும் இருக்கின்றன. எல்லா விழித்திரை நோய்களிலும் இத்தகைய வாய்ப்பு இல்லை.

அப்படியானால் நல்ல மரபணுவை உள்ளே செலுத்திவிடலாமே என்று தோன்றும். லேபர் நோயை உண்டாக்கும் இன்னொரு மரபணுவாகிய ஆர்.பி.இ.65இல் அது நடந்தேவிட்டது. தீங்கற்ற ஒரு வைரஸில் ஏற்றி விழித்திரைக்கு அடியில் செலுத்தும் அம்மருந்துக்கு 2017 டிசம்பரில் அமெரிக்க அரசு இசைவளித்தது. ஆனால் அந்த வைரஸ் சுமக்கக்கூடியது ஏறத்தாழ 4700 எழுத்துக்களே. செப்-290க்கு வேண்டியது 7440. மூட்டை பெரிது, வண்டி சிறிது.

ஆகவே விஞ்ஞானிகள் வேறு உபாயம் தேடினர். முதலாவது, பொய்க்குறியை மறைப்பது. சுவடியில் தவறான அடையாளத்தின்மேல் ஒரு சிறு ஒட்டுத்தாளை ஒட்டிவிட்டால் படியெடுப்பவன் ஏமாறமாட்டான் அல்லவா? அதுபோல, ஆர்.என்.ஏ. படியில் அந்த இடத்தில் மட்டும் போய் ஒட்டிக்கொள்ளும் ஒரு குறுந்துண்டைச் செய்து, கண்ணுக்குள் ஊசிவழிச் செலுத்தினர். செப்போபார்சன் என்பது அதன் பெயர். 2019இல் வெளிவந்த முதற்கட்ட முடிவுகள் ஊக்கமளித்தன. சிலரது பார்வை தெளிவாகவே உயர்ந்தது. ஆனால் மருந்து பெற்றோரையும் பெறுவதுபோல் நடித்துப் பெறாதோரையும் ஒப்பிட்ட பெரிய சோதனையின் முடிவு 2022இல் வந்தபோது, இரு சாராருக்கும் எதிர்பார்த்த வேறுபாடு காணப்படவில்லை. நன்மை பெற்றவர்கள் இருந்தும் கணக்கு நிறைவேறவில்லை. இந்த இடத்தில் ஆராய்ச்சி மாணவர்கள் சோர்ந்துபோவது இயல்பு. மிகச் சிலருக்கே வரும் நோயில், சோதனைக்கு ஆள் சேர்ப்பதே அரிது; ஒவ்வொருவரின் கண்ணும் ஒவ்வொரு நிலையில் இருக்கிறது; எதை அளப்பது என்பதே ஒரு சிக்கல். மருந்து தோற்றதா, அளவுகோல் தோற்றதா என்று என்னால் எளிதில் தீர்ப்புச் சொல்ல இயலவில்லை.

இரண்டாவது உபாயம் இன்னும் துணிச்சலானது. படியைத் திருத்துவதை விட்டு மூல ஏட்டையே திருத்துவது. கிரிஸ்ப்பர் என்னும் வெட்டுங் கருவியைக் கொண்டு, அந்தப் பொய்க்குறிக்கு இருபுறமும் வெட்டி அதனை நீக்கிவிடுவது. 2020 மார்ச்சில் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரத்தில் ஒரு நோயாளியின் கண்ணில் இது செய்யப்பட்டது. மனித உடலுக்குள்ளேயே கிரிஸ்ப்பரைச் செலுத்தி மரபணுவைத் திருத்த முயன்றது அதுவே முதன்முறை. மொத்தம் 14 பேர் மருந்து பெற்றனர். 2024இல் வெளியான முடிவின்படி, 11 பேருக்கு எடுத்துக்கொண்ட நான்கு அளவைகளில் ஒன்றிலேனும் முன்னேற்றம். எழுத்துக்களைக் காணும் கூர்மை குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்தவர்கள் 4 பேர். அஞ்சத்தக்க தீங்கு நேரவில்லை. ஆயினும் முடிவு வெளிவரும் முன்னரே, 2022இல், புதிதாக நோயாளிகளைச் சேர்ப்பதை நடத்திய நிறுவனம் நிறுத்திவிட்டது. பயன்பெறக் கூடியவர்கள் மிகச் சிலர் என்பதே காரணம். விஞ்ஞானத்தால் முடிந்தது, வாணிபத்தால் முடியவில்லை. பொருளியல் பயிலும் நண்பர்கள் இதற்கு ஒரு வழி சொன்னால் கேட்க ஆவலாயிருக்கிறேன்.

இதில் நமக்கென்ன என்று கேட்பீர்கள். இந்தக் குறிப்பிட்ட ஓரெழுத்துப் பிழை ஐரோப்பிய வழியினரிடையே மிகுந்து காணப்படுவது. நம்மிடையே அருகியே தோன்றுவது. ஆனால் நோய் நம்மிடையும் உண்டு. அதே மரபணுவில் வேறு பிழைகளும், வேறு மரபணுக்களில் பிழைகளும் உண்டு. பொய்க்குறியை மறைக்கும் துண்டு அந்த ஒரு பிழைக்கே உதவும். மற்றவர்களுக்கு அது வெறும் நீர். நம் குடும்பங்களில் உள்ள பிழைகள் எவை என்று நம் நாட்டில்தான் படித்தறிய வேண்டும். மதுரை அரவிந்த் மருத்துவமனையிலும், சென்னை சங்கர நேத்ராலயாவிலும், ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் நிலையத்திலும் இதற்கான மரபணு ஆராய்ச்சிப் பிரிவுகள் இருக்கின்றன.

இன்னொன்று. இந்நோய் ஒடுங்கு பண்பாக வருவது. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என்று ஒவ்வொரு மரபணுவும் நம்மிடம் இரண்டு படியாக உள்ளது. ஒன்று பழுதானாலும் மற்றது காப்பாற்றும். இரண்டும் பழுதானால்தான் நோய். உறவில் மணம் செய்யும் வழக்கம் மிகுந்த மாநிலங்களுள் நம் தமிழ்நாடு முன்னிற்கிறது. 2019–21இல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், அங்கே நான்கில் ஒன்றுக்கு மேற்பட்ட மணங்கள் உறவுக்குள் நிகழ்ந்தவை என்று தெரிந்தது. ஒரு சிறு கணக்குப் போடுவோம். தாய்மாமனிடம் ஒரு படி பழுது என்க. அவருடைய அக்காளிடமும் அதே பழுது இருக்க வாய்ப்பு இரண்டில் ஒன்று. அக்காள் மகளிடம் நான்கில் ஒன்று. அவ்விருவரும் மணந்தால், பிறக்கும் குழந்தைக்கு நோய் வர வாய்ப்பு பதினாறில் ஒன்று. அத்தை மகளையோ மாமன் மகளையோ மணந்தால் முப்பத்திரண்டில் ஒன்று. அயலில் பெண்ணெடுத்தால், அரிய நோய் ஒன்றின் அதே பழுதை அங்கும் சந்திப்பது நூற்றில் ஒன்றுக்கும் குறைவே. உறவுமணம் செய்தோரின் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் நலமாகவே பிறக்கிறார்கள் என்பதும் இதே கணக்கிலிருந்து தெரிகிறது. அச்சமூட்டுவது என் நோக்கமன்று.

ஆனால் எங்கள் ஊர்ப்பக்கம் நான் கேட்டு வளர்ந்த பேச்சு வேறு. பார்வையில்லாத குழந்தை பிறந்தால், கருவுற்றிருந்தபோது கிரகணத்தில் வெளியே வந்தாள் என்பார்கள். மாமியார் சொல்லைத் தட்டினாள் என்பார்கள். வந்த நேரம் என்பார்கள். எல்லாப் பழியும் தாய்மேலேயே விழும். கணக்கைப் பாருங்கள்: தந்தையிடமிருந்து ஒரு பழுதும் வராமல் இந்நோய் வருவதற்கில்லை. இருவரிடமும் சரிபாதி இருக்கிறது. இருவருமே அறியாமல் சுமந்தது, அவர்களுடைய பாட்டனும் பூட்டியும் அறியாமல் சுமந்தது.

விடுமுறைக்கு ஊர் செல்லும் நண்பர்களுக்கு இப்படியொரு குழந்தை உறவிலோ அயலிலோ தெரிந்திருக்கலாம். கண் மருத்துவரிடம் காட்டியாயிற்று, ஒன்றும் செய்வதற்கில்லை என்று பெற்றோர் இருந்துவிடுவதுண்டு. செய்ய வேண்டியது ஒன்று உண்டு. எந்த மரபணு பழுது என்று இரத்தத்தைச் சோதித்து அறியச் சொல்லுங்கள். செப்-290 என்று வந்தால், கண்ணோடு விடாமல் சிறுநீரகத்தையும் ஆண்டுதோறும் சோதித்து வரவேண்டும். சிலருக்குச் சில ஆண்டுகள் கழித்து அது மெல்லப் பழுதாவதுண்டு. தொடக்கத்தில், அடிக்கடி நீர் வேட்கையும் இரவில் பலமுறை சிறுநீர் கழிப்பதும் தவிர வேறு அறிகுறி தெரிவதில்லை.